தறிக்காரன் பின்னிய சடை

எண்பதுகளில் அக்கா இறந்ததும் அவள் மகளை நான்தான் வளர்த்தேன். சின்னாளப்பட்டியில் சொந்தக்காரப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு மாதாமாதம் கூட்டம் நடக்கும். அங்கே நான் ஒருவன்தான் ஆண். சடை பின்னக் கற்றுத்தந்தது அந்தப் பெண்கள்தான்.

பிள்ளையை என்னிடமே விடலாமா, ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா என்று பார்க்க, அந்தக் கூட்டத்தை நடத்தும் அம்மா ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். அவர் முன்னால் சடை பின்னும்போது, பயத்தில், தறியில் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சை ரிப்பனில் போட்டுவிட்டேன். அது அவிழவே இல்லை.

"மாமா, இழுபடுறது என் முடி. நீ எதுக்கு அழுகுற?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "பிள்ளை இங்கயே இருக்கட்டும். வேற ரிப்பன் வாங்குங்க."

அவளுக்குக் கல்யாணமாகி வருடங்களாயிற்று. இன்றும் பள்ளிக்கூட நேரமானால் தறி நூலை மூன்று பிரியாகப் பின்னுகிறேன். யாரும் பார்ப்பதற்குள் பிரித்துவிடுகிறேன்.