பிரட்டுக்களத்தில் கூப்பிட்ட மூன்றாவது பேர்

என் பேர் சுப்புராஜ். வயது இருபத்து நாலு. இப்போது இருப்பது ஷார்ஜாவில், கட்டட வேலைக்காரர்கள் தங்கும் கேம்ப்பில், எட்டுப் பேர் படுக்கும் அறையில். சொந்த ஊர் கொடைக்கானல் பக்கத்தில் வில்பட்டி. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் சிரிக்க வேண்டாம். இது நடந்தது. நடந்தது சின்னத்தாயிக்கு. என் தாத்தாவைப் பெற்றவள். என் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்பா என்னிடம் சொன்னது மதுரை விமான நிலையத்து வாசலில், நான் இங்கே கிளம்பிய அன்றைக்கு. சம்பவம் நடந்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. என்னைவிட ஒரு வயது சின்னவள். அதனால் அவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1936, தை மாதம்.

சின்னத்தாயியும் அவள் புருஷன் பொன்னுச்சாமியும் சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்தியாவை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று முறை கரு தங்கி மூன்று முறையும் கலைந்துவிட்டது. இது நாலாவது. நாலு மாதம். பழனிக்கு வந்து கும்பிடுகிறேன் என்று அவள் வேண்டியிருந்தாள். அங்கிருந்து வில்பட்டிக்குப் போய், பெற்றோர் சிலோன் போகும்போது ஊரிலேயே விட்டுப்போன பொன்னுச்சாமியின் அண்ணன் திருமலைச்சாமி வீட்டிலேயே பிரசவம் வரை இருப்பது என்று முடிவு. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

தலைமன்னாரில் கப்பல். தனுஷ்கோடியில் ரயில். மதுரை, திண்டுக்கல், பழனி. ரயிலில் வழி முழுக்க வாந்தி. பூசக் கூட்டம் வடிந்த மறுநாள் மலையேறிக் கும்பிட்டார்கள். சந்நிதியில் கண்ணை மூடி நின்றபோது பிள்ளைக்கு ஒரு பேர் அவள் மனசில் வந்தது. ஆண் பிள்ளைப் பேர். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளை முழுசாகப் பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

அடிவாரக் கடைவீதியில் மரத்தொட்டில் விற்ற குப்பம்மாள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன பேரு வைக்கப் போறீக தாயி?"

"இன்னும் ஒன்னும் நெனைக்கலக்கா."

"பொய் சொல்லாத. மொகத்துலயே எழுதிக் கெடக்கு."

சின்னத்தாயி சிரித்துக்கொண்டே தொட்டிலை வாங்கிக்கொண்டாள்.

வில்பட்டிக்குக் காட்டு வழியாகப் போனால் ஒன்றரை நாள். அந்த வழியில் இரண்டு மட்டக்குதிரைகளை வைத்து வியாபாரம் செய்தவர் சேக் பரீது. உப்பும் கருவாடும் மேலே போகும், பூண்டு கீழே வரும். அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நாலு மாதக்காரியை நடக்க வைக்கிறீர்களே என்று அவர் முதலில் திட்டினார். பாலசமுத்திரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். கொழுந்துக் கூடையோடு மலை ஏறிப் பழகிய கால்கள் அவளுக்கு.

"ஏம்மா, எங்குதிரைக்கே மூச்சு வாங்குது. நீ என்ன வெத்தல வாங்கப் போற மாதிரி போற?"

"எங்க தோட்டத்துல இதெல்லாம் மேடே இல்லீங்க பாய்."

"ஆமாமா. சிலோன்காரவுகளுக்கு எல்லாமே அங்கதான் பெருசு."

பொன்னுச்சாமி வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்தது அதுதான் கடைசி.

சாயங்காலம் 5.40க்கு ஒரு பாழடைந்த காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் பொன்னுச்சாமியின் பாக்கெட் கடிகாரம். தோட்டத்தில் காப்பிக்கொட்டை அடுக்கி வைத்த ஒரு கல் கிட்டங்கி மட்டும் கூரையோடு நின்றது. அதன் வாசலில் காரை பூசிய பெரிய களம். களத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக இடிந்த சின்னச் சின்ன அறைகள், கூலிக்காரர்கள் குடியிருந்தவை.

சின்னத்தாயி நின்றுவிட்டாள்.

"என்னாங்க... இது லயம்."

"ஆமா புள்ள. நம்ம லயம் மாதிரியே இருக்கு."

சேக் பரீது பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் படுத்து எழுந்து போகிறவர். காற்று வராத இடம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். குதிரைகளின் சுமையை இறக்கினார். களத்தின் ஓரம் முழங்கால் உயரத்துக்குப் புல். குதிரைகள் நாள் முழுக்க ஏறிய பசியில் இருந்தன. ஆனால் புல்லில் வாய் வைக்கவில்லை. கயிறு எட்டின தூரத்துக்குப் பின்னால் போய் நின்றன.

அப்புறம் ஒரு வாசனை. மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகை இல்லை.

"காப்பிப் பூவு," என்றார் சேக் பரீது. கொஞ்சம் யோசித்தார். "பங்குனியிலதானே பூக்கும்..."

சுற்றிலும் பார்த்தார்கள். காடாகிப் போன காப்பிச் செடிகள். ஒன்றில்கூடப் பூ இல்லை.

கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார்கள். ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. அவள் நன்றாகவே தூங்கினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிலோன் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் தப்புப் பறை அடிப்பார்கள். அதைக் கேட்டதும் லயத்து ஜனம் எழுந்து களத்துக்கு ஓட வேண்டும். அதுதான் பிரட்டுக்களம். கங்காணி ஏட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட உடனே "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் அப்பன் பதில் சொல்லலாம். பத்து வயதிலிருந்து தினமும் இதுதான். தூக்கத்தில் கூப்பிட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

5.15. சேக் பரீது எழுந்தார். சுபுஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலு செய்ய ஓடைக்கு இறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்ததை சின்னத்தாயி அரைத் தூக்கத்தில் கேட்டாள்.

5.22.

டண்... டண்டண்... டண்...

தப்பு.

ஒரு நிமிஷம் சிலோனில் இருக்கிறோம் என்றே நினைத்தாள். எழுந்து கொண்டையைக்கூட முடிந்துவிட்டாள். அப்புறம்தான் தலைமாட்டில் தொட்டில் கையில் பட்டது. பழனித் தொட்டில்.

சத்தம் வராமல் மறுபடி படுத்துக்கொண்டாள்.

களத்தில் ஆட்கள் வந்து நிற்கும் சத்தம். செருப்பில்லாத கால்கள். நிறையக் கால்கள். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது... யாரோ அதை அதட்டினார்கள்.

கிட்டங்கிக்குக் கதவு கிடையாது. வெளியே வெறும் மஞ்சு மூட்டம். வெள்ளையாக.

ஒரு ஆம்பிளைக் குரல் பேர் கூப்பிட ஆரம்பித்தது. நிதானமாக. அவளுக்குத் தெரியாத பேர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வந்தது.

"இருக்கேங்க."

"இருக்கேங்க."

"இருக்கேங்க."

எத்தனை பேர் என்று அவள் எண்ணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் பொன்னுச்சாமி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

தாள் புரளும் சத்தம்.

"பொன்னுச்சாமி!"

அவள் அவன் பக்கம் திரும்புவதற்குள்...

"இருக்கேங்க!"

கண்ணைத் திறக்காமலே சொன்னான். சத்தமாக.

வெளியே இருமல் நின்றது. குழந்தைச் சிணுங்கல் நின்றது. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.

"சின்னத்தாயி!"

முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நாக்கு உள்ளே துடித்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று.

"சின்னத்தாயி!"

சொல்லவில்லை.

மறுபடி தாள்.

"பொன்னுச்சாமி மகன்..."

அப்புறம் அந்தப் பேர்.

அவள் மனசில் மட்டும் இருந்த பேர்.

யாரிடமும் சொல்லாத பேர்.

பொன்னுச்சாமி வாயைத் திறந்தான். பிள்ளைக்கு அப்பன்தானே பதில் சொல்ல வேண்டும்.

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். முழுப் பாரத்தையும் போட்டு.

இரண்டாவது முறை கூப்பிட்டது. இன்னும் கிட்டத்தில்.

அவன் கடித்தான். கையில் ரத்தம். விடவில்லை.

மூன்றாவது முறை... வாசலிலேயே.





பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில்:

"சரி... வரட்டும்."

ஏடு மூடியது.

5.34க்கு சேக் பரீது சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்.

"ஏம்ப்பா சிலோன்காரரே, விடியமுன்ன யாருக்குப் பதில் சொல்லுறீரு? ஓடை வரைக்கும் கேட்டுச்சு."

"பாய்... தப்புச் சத்தம்?" என்றாள் சின்னத்தாயி.

"தப்பா? என்ன தப்பு?"

அவள் கையில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு போய்விட்டது. பொன்னுச்சாமிக்கு எதுவுமே நினைவில்லை. நானா கடித்தேன், நானா கடித்தேன் என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் வந்ததும் களத்தைப் பார்த்தார்கள். காரை முழுக்கப் பனி இறங்கி ஈரமாக இருந்தது. ஈரத்தின் நடுவே காய்ந்த தடங்கள். ஜோடி ஜோடியாகப் பாதங்கள். பெரியவை, சின்னவை. வரிசை வரிசையாக. அவர்கள் நின்ற இடத்தில் மட்டும் பனி விழவில்லை.

கடைசி வரிசையில் கடைசி ஜோடி, அப்போதுதான் காய்ந்த மாதிரி. அவள் தடுப்பதற்குள் பொன்னுச்சாமி போய் அதில் காலை வைத்துவிட்டான்.

அச்சாகப் பொருந்தியது.

சேக் பரீது ஏதோ ஓதிக்கொண்டே சுமையைக் கட்டினார். "வெரசா நடங்க. திரும்பிப் பாக்காதீக," என்று மட்டும் சொன்னார்.

வில்பட்டியில் திருமலைச்சாமி வீட்டில் அவளுக்குத் தூக்கமே இல்லை. தினமும் விடியற்காலம் 5.22க்குப் பொன்னுச்சாமி எழுந்து வாசலில் போய் நிற்பான். கை கட்டி, பழனி இறக்கத்தைப் பார்த்து. கூப்பிட்டால் காது கேட்காது. பத்து நிமிஷம் போனால் தானாக வந்து படுப்பான். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தையில் பூண்டு மூட்டையோடு உட்கார்ந்திருக்கும்போதுகூட அவன் முகம் அந்தப் பக்கமே இருந்தது.

"தம்பிக்கு என்னாச்சு தாயி?" என்று திருமலைச்சாமி கேட்டார். சொன்னாள்.

அவர் சின்ன வயதில் கேள்விப்பட்டது இது. அந்தத் தோட்டத்துக் கங்காணி சிலோனில் வேலை பார்த்துத் திரும்பியவன். ஆட்களையும் அங்கிருந்தே கூட்டி வந்தான். ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல். துரை குதிரையேறிப் போய்விட்டான். லயத்தில் தினமும் சாவு. கங்காணி மட்டும் காய்ச்சலோடு தினமும் களத்துக்கு வந்து பேர் கூப்பிட்டான். பதில் சொல்ல யாரும் மிஞ்சாத பிறகும் கூப்பிட்டான். ஏட்டை மூடாமலே செத்துக் கிடந்தான்.

"நம்மூர்க்காரன் எவனுக்கும் அங்க ஒன்னும் கேட்டதில்ல. பதில் சொல்லத் தெரிஞ்சவுகளத்தான் கூப்பிடுது போல."

அன்றிலிருந்து அவள் தன் சேலை முந்தானையை அவன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாள். மூன்று முடிச்சு.

மாசி பதினொன்று. காலையில் எழுந்தாள்.

மூன்று முடிச்சும் அப்படியே இருந்தது.

வளையம் அப்படியே.

உள்ளே கை இல்லை.

ஊரே தேடியது. கிடைக்கவில்லை. நாலாம் நாள் சேக் பரீது பழனியிலிருந்து ஏறி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார். களத்தில் பனி இறங்கியிருந்ததாம். கடைசி வரிசையில் அந்தப் பெரிய ஜோடி இருந்ததாம். கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து நின்றதாம். பக்கத்தில் ஒரு சின்ன ஆள் நிற்க இடம் விட்ட மாதிரி.

ஆடியில் பிள்ளை பிறந்தது. ஆண். அந்தப் பேரை விட்டுவிட்டு, தங்கமுத்து என்று வைத்தாள். அதுதான் என் தாத்தா. எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். சின்னத்தாயியும் நெடுநாள் இருந்தாள். ஆனால் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் பதில் சொன்னதே இல்லையாம். எழுந்து வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுவாள். அந்தப் பேரை என் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். நம் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் இது வேண்டாம் என்று. அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். நான் இங்கே வந்த ஏழாவது மாதம் அப்பா இறந்துவிட்டார்.

இப்போது என் விஷயம்.

இங்கே காலை 4.40க்கு பஸ் ஏறும் முன்னால் வரிசையில் நிற்போம். ஃபோர்மேன் நம்பர் மட்டும் கூப்பிடுவார். பேர் சொல்ல மாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் வரிசையில் தமிழ் ஆள் நான் ஒருத்தன்தான்.

போன செவ்வாய்க்கிழமை. நம்பர் எல்லாம் முடிந்தது. 4.52.

பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் பேர் கூப்பிட்டது.

என் பேர் இல்லை.

அந்தப் பேர்.

நான் பதில் சொல்லவில்லை. வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை என் தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறார்களாம். "அண்ணே, மாசமா இருக்கையில பழனியில கும்பிட்டு நின்னேன்ல, அப்பவே மனசுல ஒரு பேரு வந்துச்சுண்ணே," என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அப்புறம் பேரைச் சொல்கிறாள். அவளுக்கு இந்தப் பேரை யாரும் சொன்னதில்லை.

நேற்றிலிருந்து அவள் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மச்சான் போனும் அப்படித்தான். வில்பட்டி வீட்டில் விசேஷ வேலையில் கவனிக்கவில்லையோ என்னவோ.

இதை யார் படித்தாலும் சரி, சொந்தக்காரர்களோ ஊர்க்காரர்களோ, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை போங்கள். வேறு எந்தப் பேர் வேண்டுமானாலும் வைக்கச் சொல்லுங்கள். மச்சானிடமும் சொல்லுங்கள். விடியற்காலம் வாசலில் யாராவது பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அவர் பதில் சொல்ல வேண்டாம்.