பதினான்கு ஞாயிறும் ஒரு பாறைப் பிளவும்

புதிய இயந்திரங்களைப் பற்றிக் கற்றுக்கொண்டு வர, ஓசூரில் எங்கள் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேரை ஆறு வாரம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நால்வரில் நான் ஒருத்திதான் பெண். மற்ற மூவரில் ஒருவரான எங்கள் மேலாளர்தான் குழுவுக்குத் தலைமை. பயிற்சி நடக்கும் ஊரைச் சுற்றிப் பாலைவனம். அங்கே ஒரு விடுமுறை நாளில் வழிகாட்டியோடு ஒரு பாறைப் பிளவுக்குப் போய்வரலாம் என்று ஏற்பாடாயிற்று. மழைவெள்ளம் மணற்பாறையை அறுத்து அறுத்து, ஆழமாகவும் ஓர் ஆள் நுழையும் அகலத்திலும் உண்டாக்கிய சந்து அது.

கிளம்புவதற்கு முன்பே, எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் அதன் படத்தை எல்லோரும் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலாளர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

“மேடம் இதுக்குள்ள போனா, வெளிய எடுக்க கிரேன்தான் வரணும்.”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். தைராய்டு வந்த பிறகு என் உடம்பு பெருத்துவிட்டது. அது ஊரறிந்த விஷயம். ஆனால் அவரோடு சேர்ந்து நானே சிரித்தேனே, அதுதான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெஞ்சில் எரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன்: நான் அந்தப் பிளவுக்குள் போவேன், இந்த ஆள் போகக்கூடாது.

கிளம்ப மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ்ஸில் ராயக்கோட்டைக்குப் போய்க் கோட்டை மலை ஏற ஆரம்பித்தேன். முதல் வாரம் பாதியிலேயே வாந்தி எடுத்தேன். கூட வந்த கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“என்னாமே, யாரு மேல இவ்ளோ கோவம்?”

“யாரு மேலயும் இல்ல. சும்மா உடம்பு இளைக்கத்தான்.”

“உடம்பு இளைக்க ஏறுறவ இப்படிப் பல்லக் கடிச்சிக்கினு ஏற மாட்டா.”

அடுத்த வாரத்திலிருந்து அவர் கீழே தக்காளி மண்டிப் பக்கம் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் அந்த மேசைச் சிரிப்பு காதில் விழுந்தது.

பிளவின் மிகக் குறுகலான இடம் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட என்று எங்கேயோ படித்தேன். வீட்டில் பீரோவைச் சுவரிலிருந்து அதே அளவுக்குத் தள்ளி வைத்தேன். தினமும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பக்கவாட்டில் நுழைந்து பார்ப்பேன். முதல் மாதம் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பதினான்காவது ஞாயிறு வந்தபோது, மூச்சை முழுக்க விட்டால் அந்தப் பக்கம் போய்விட முடிந்தது.

பிளவுப் பயணத்துக்குப் பதிவு செய்யும் வேலையை மேலாளரே என் தலையில் கட்டியிருந்தார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வழிகாட்டிகளிடமிருந்து நீளமான மெயில் வந்தது. ஏணி ஏற வேண்டும், பை கூடாது, தண்ணீர் அவசியம், மழை எச்சரிக்கை வந்தால் பயணம் ரத்து. தடித்த எழுத்தில் இன்னொன்று: அடிப்பாகம் வழுவழுப்பான ஷூ போட்டு வந்தால் உள்ளே விடமாட்டோம். மற்ற மூவருக்கும் அப்படியே அனுப்பினேன். மேலாளர் மெயில் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எதிர்பார்த்தபடியே கூப்பிட்டார்.

“என்ன மேடம், ராமாயணம் மாதிரி அனுப்பியிருக்கீங்க? முக்கியமானத மட்டும் சொல்லுங்க.”

“தண்ணி ரெண்டு லிட்டர் எடுத்துக்கணும் சார். பை எடுத்துக்கினு வரக்கூடாது.”

“அவ்ளோதானே?”

“அவ்ளோதான் சார்.”

ஃபோனை வைத்தேன். மறுநாள் பாகலூர் சாலையில் ஒரு கடையில், அடியில் முள்முள்ளாக இருந்த ஷூ வாங்கினேன். வீட்டு மாடிப்படியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கிப் பார்த்தேன்.

அந்த நாளும் வந்தது. பிளவின் வாயில் நின்ற வழிகாட்டிப் பெண் ஒவ்வொருவர் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். மேலாளர் போட்டிருந்தது ஆபீஸ் ஷூ, கண்ணாடி போன்ற அடி. அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அவர் கெஞ்சினார், அதிகாரமாகவும் பேசிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லவே இல்லையே மேடம்?”

“மெயில்ல இருந்துச்சு சார்.”

அதற்குமேல் அவரைப் பார்க்காமல் உள்ளே போனேன். குறுகலான இடத்தில் மார்பும் முதுகும் ஒரே நேரத்தில் பாறையில் உரசின. ஒரு கணம் மாட்டிக்கொண்டேன். மூச்சை விட்டேன், நகர்ந்தேன். அந்தப் பக்கம் மேலேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் பாறை முழுக்கச் செம்மஞ்சளாக எரிந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன், அழகைப் பார்த்து இல்லை, வெளியே நாங்கள் வந்த ஜீப்பின் நிழலில் உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்து.

திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: “என் பொண்ணு படம் அனுப்பச் சொல்லியிருக்கா. நீங்க எடுத்தத அனுப்புறீங்களா?”

“அனுப்புறேன் சார்” என்றேன்.

அந்த வருடம் என் வேலை மதிப்பீட்டைக் குறைத்துப் போட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பெண் எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவள். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் படங்களை நான் அனுப்பவே இல்லை.