நான்காவது தூணின் மர ஆணிகள்

நாற்பது வருடமாக மரத்தோடு பழகியவன் நான். வாழ்க்கையில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இதைச் சொல்கிறேன். ஒன்றே ஒன்று எழுதியிருக்கிறேன். அது பின்னால் வரும்.

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் ப்ரோக்லி கோர்ட். ஓக் சட்டங்களுக்கு நடுவே குச்சிப் பின்னலும் களிமண்ணும் அடைத்த பழைய மாளிகை. சனிக்கிழமை மாடிக் கூடத்தில் வீட்டுக்காரர் சர் ஆம்ப்ரோஸுடைய மகளின் கல்யாண விருந்து. நூற்றிருபது பேர் ஆடுவார்கள். மாடி தாங்கும் என்று கட்டட ஆய்வாளனான நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்த வீட்டுல ஒரு இரும்பாணி கிடையாது, ஹாப்வுட்," என்றார் சர் ஆம்ப்ரோஸ், தானே இழைத்து நட்டதுபோல. "எல்லாம் மர ஆணி. எங்க முன்னோர் வேலை."

"அவங்க உளியைப் பிடிச்சிருக்காங்களா, சார்?"

"பிடிக்கத் தெரிஞ்சவனைப் பிடிச்சு வச்சிருந்தாங்க."

மாடிப்படி அடியில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிசஸ் ப்ராபர்ட் மறித்தாள். "மெழுகு போட்ட தரை. பூட்ஸைக் கழட்டுங்க. நாலு மணிக்குள்ள இறங்கிடுங்க."

"ஏன்?"

"டீ ஆறிடும்."

நவம்பர். மூன்று முப்பத்தெட்டுக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மூன்று தூண்களைத் தட்டிப் பார்த்தேன். உறுதி. நான்காவது, கடைசிச் சுவரில். உத்தரத்தை அந்தத் தூணோடு பிணைப்பவை நான்கு மர ஆணிகள். நான்கும் தூணோடு சமமாக இருந்தன.

குனிந்து குறிப்பெழுதினேன்.

டொக்.

நிமிர்ந்தேன். ஓர் ஆணி அரை அங்குலம் வெளியே நீண்டிருந்தது.

மரம் காய்ந்தால் சுருங்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஐந்நூறு வருடமாகக் காய்ந்த மரம் அது.

மூன்று நாற்பத்தொன்று. டொக்... டொக்...

இப்போது இரண்டு அங்குலம். சுவருக்கு வெளியிலிருந்து அடித்தால்தான் அது இப்படி உள்ளே வரும். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பதினைந்து அடி கீழே ரோஜாச் செடிகள். ஏணி இல்லை. ஆள் இல்லை.

கருகிய வாசனை மட்டும்.

டொக்.

ஆணி என் காலடியில் விழுந்தது. தொட்டேன்.

சூடாக இருந்தது.

டொக்... அடுத்த ஆணி...

ஓடினேன்.

அன்றிரவே சான்றிதழை அனுப்பினேன். வியாழக்கிழமை, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அந்த வீட்டின் பழைய ஏடுகளைப் புரட்டினேன். அந்தச் சுவருக்கு அப்பால் முன்பு ஓர் அறை இருந்திருக்கிறது. வேலை முடியுமுன் தச்சன் வேறு பிரபுவிடம் போய்விடக்கூடாதென்று அவனை அதில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு நவம்பர் மாலை அறை எரிந்தது. திறக்க யாரும் வரவில்லை. கதவை விட்டுவிட்டு அவன் சுவரைத்தான் கழற்றப் பார்த்தானாம்.

இன்று வெள்ளிக்கிழமை. தபாலில் என் பூட்ஸ் வந்தது. 'டீ ஆறிப்போச்சு' என்று ப்ராபர்ட்டின் சீட்டு. இடது பூட்ஸுக்குள் நான்கு மர ஆணிகள். எல்லாவற்றுக்கும் ஒரு முனை கரி.

என் சான்றிதழ் சொல்வது: 'நான்கு தூண்களும் பார்வையிடப்பட்டன. உறுதி.'

சர் ஆம்ப்ரோஸுக்கு இன்னும் போன் செய்யவில்லை. வெறுங்காலோடு ஓடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.