வெள்ளிக்கிழமை சிக்னல்

எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவில் போன் சிக்னல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். பெரிய இடி ஒன்று விழுந்தது. அது எதிர்மலை டவரில் விழுந்ததா, டவருக்குப் பக்கத்துச் சவுக்கு மரத்தில் விழுந்ததா என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போனின் தலையில் 4G என்று இருந்த இடத்தில் E என்ற எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. பேசலாம், கேட்கலாம். படம் மட்டும் வராது. ஒரு வட்டம் சுற்றும். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப் போகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே இருக்கிற பிள்ளைகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளை, என் தங்கச்சியின் மகள். தங்கச்சி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் போகும்போது பிள்ளைக்கு இரண்டு வயது, இப்போது நாலு முடிந்துவிட்டது. பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்கிறவர்களிடம், அந்த ஆளுக்கும் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுவேன். எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்.

தங்கச்சிக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு மணித்தியாலம். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் தூங்குவார்கள், அப்போதுதான் அவள் கையில் போன் வரும். இங்கே மணி நாலரை. அவளுடைய போனில் சிம் கிடையாது, அந்த வீட்டு வைஃபை மட்டும்தான். ஆகவே வாட்ஸ்அப் வீடியோ வந்தால் அவள் உண்டு, வராவிட்டால் இல்லை. இதில் நடுவழி கிடையாது. பிள்ளைக்கு அம்மாவைத் தெரிந்தது எல்லாம் அந்தப் போனின் அளவுக்குத்தான். நெஞ்சுக்குக் கீழே அம்மா எப்படி இருப்பாள் என்று அதற்குத் தெரியாது. சிக்னல் போய் முதல் வெள்ளிக்கிழமை நாலரைக்கு வட்டம் மட்டும்தான் சுற்றியது. நாலு வயசுப் பிள்ளை எத்தனை வாரம் ஒரு முகத்தை ஞாபகம் வைத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த நாளே போன் கம்பெனிக்கு அடித்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். நிறைய நேரம் நாதஸ்வரமும் கிட்டாரும் சேர்ந்து ஏதோ வாசித்தது. பிறகு லைனில் ஒரு பொம்பளைப் பிள்ளை வந்து, உங்கள் சிரமத்துக்கு மனம் வருந்துகிறோம் என்றது. அது வருந்தியதைக் கேட்டால் இடி அவர்கள் வீட்டில்தான் விழுந்தது என்று நினைக்கத் தோன்றும். போனை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது, செய்தேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடச் சொன்னது, அதையும் செய்தேன். கடைசியில் முகவரி கேட்டது. தோட்டத்தின் பெயரைச் சொல்லி, மேல் பிரிவு, எட்டாம் நம்பர் லயம் என்றேன். பதிந்துவிட்டோம், மூன்று நாளில் சரியாகும் என்றது.

மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது, எங்களுடன் இணைந்திருப்பதற்கு நன்றி. அந்தச் செய்திக்கு மேலே E அப்படியே இருந்தது.

திரும்ப அடித்தேன். திரும்பப் பதிந்தார்கள், திரும்பத் தீர்த்தார்கள். மூன்றாம் முறையும் அப்படியே. அதற்குள் லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போனைக் கொய்யா மரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால் வரும் என்றார்கள். எவர்சில்வர் செம்புக்குள் நிறுத்தி வைத்தால் இழுக்கும் என்று கணக்கப்பிள்ளை வீட்டம்மா சொன்னார். வேறு கம்பெனி சிம் ஒன்றும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் டவர் மலைக்கு அந்தப் பக்கம். E கூட வரவில்லை, பழைய எழுத்தே பரவாயில்லை என்று மாற்றிவிட்டேன். தோட்டத்து மேனேஜர் துரை பங்களாவில் வைஃபை இருக்கிறது, போய்க் கேட்கலாமே என்றார்கள். கேட்டிருக்கலாம்தான். பங்களா வாசலில் பிள்ளையோடு போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. இந்த ரோசத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இருந்தது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பதுளை டவுனுக்குப் போனேன். கம்பெனிக் கிளையில் நம்பர் போட்ட துண்டு ஒன்று தந்து உட்காரச் சொன்னார்கள். டை கட்டிய தம்பி ஒருவர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"நல்லா வேல செய்யுதே அக்கா. 4G இருக்கே."

"இங்க இருக்கு தம்பி. நாங்க இருக்கிறது இங்க இல்லயே."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மூன்று முறைப்பாடு, மூன்றும் தீர்ந்துவிட்டது, ஆள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார் என்றார். எங்கள் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை என்றேன். வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்வதாகச் சொன்னார். பிள்ளை அவருடைய டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. நாலாவது முறைப்பாட்டைப் பதிந்துகொண்டு எழும்பினோம்.

நாலரைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று தங்கச்சிக்கு எடுத்தேன். படம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்தேன். பிள்ளையைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன். அது போனைப் பார்க்கவில்லை. பண்டாரவளை பஸ் ஒன்று நெருப்புக் கலரில், முன்கண்ணாடி முழுக்கப் பிளாஸ்டிக் பூவோடு வந்து நின்றது. பிள்ளையின் கண் அதை விட்டு நகரவில்லை. "பாப்பா, பாப்பா" என்று தங்கச்சி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஹோர்ன் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் ஊர் வந்து சேர முடியாது. "அப்பறம் பேசலாம்டி" என்று வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும்.

பகல் கொழுந்து நிறுத்து முடித்த கையோடு அம்மாமார் பிள்ளைக் காம்பராவுக்கு வருவார்கள். கூடையை வாசலில் வைத்துவிட்டு, தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்ப மலைக்கு ஏறுவார்கள். அவர்கள் தலை தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாம் "அம்மா"வென்று கத்திக்கொண்டு ஓடும். தினமும் நடப்பதுதான். எங்கள் பிள்ளை அந்த நேரம் எப்போதும் ஓரமாக நின்று பார்க்கும். அன்றைக்கும் நின்று பார்த்தது. பிறகு திரும்பி, அதே மாதிரிக் கையை விரித்துக்கொண்டு, "அம்மா"வென்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது.

அதுவரை நான் பெரியம்மா. உடனே திருத்தியிருக்க வேண்டும், திருத்தத்தான் நினைத்தேன். முதலில் தூக்கினேன். தூக்கிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு சோறு ஊட்டிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். எனக்கு நன்றாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. மறுநாளும் கூப்பிட்டது. அதற்கு மறுநாள் நான் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அந்த வாரம்தான் ஒரு ஆள் போனில் கூப்பிட்டார். சிங்களமும் தமிழும் கலந்து பேசினார். கம்பெனியிலிருந்து டவர் பார்க்க வந்திருக்கிறாராம்.

"அக்கா, நான் கோயில் சந்தியில நிக்கிறேன். ஒங்க லயம் எங்க?"

எங்களுக்கும் கோயில் சந்தி உண்டு. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நாய் ஒன்று படுத்திருந்தது.

"நானும் அங்கதான் பாக்கிறேன். ஆளக் காணலயே."

"ரப்பர் காட்டுக்குப் பக்கத்துல, அக்கா."

"எங்ககிட்ட ஏதுங்க ரப்பர்? இது தேயிலத் தோட்டம்."

"அக்கா, இது மொனராகலை" என்றார் அவர். குரலில் களைப்பு இருந்தது. "நான் நாலாவது தடவ வாறேன். இங்க 4G சூப்பரா இருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். ஒன்று வெள்ளைக்காரன் தன் ஊரை நினைத்து வைத்தது. அது பலகையிலும் பிறப்புச் சான்றிதழிலும் இருக்கும். மற்றது நாங்கள் வைத்தது. அதுதான் வாயில் வரும். எந்தத் தோட்டம் என்று கேட்டால் யாரும் பலகையைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் பெயரில் அடுத்த மாவட்டத்தில், மொனராகலைப் பக்கத்திலும் எங்கள் ஆட்கள் இருக்கிற ரப்பர் தோட்டம் ஒன்று உண்டாம். அங்கேயும் மேல் பிரிவு உண்டாம். அவர் வெயிலில் அவ்வளவு தூரம் போய் நன்றாக இருக்கிற டவரை நாலு முறை பார்த்துவிட்டு, தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"சரியான பேர ஒருக்கா ஆபீசுக்குச் சொல்லிருங்க அக்கா. சொன்னீங்கன்னா வந்துருவோம்" என்றார்.

மூன்றை அழுத்தி, பலகையில் இருக்கிற பெயரைச் சொன்னால் போதும். ஒரே ஒரு அழைப்பு. அந்த அழைப்பை எடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. வேலை இருந்தது என்று சொல்லலாம். வேலை எப்போதும்தான் இருந்தது. மூன்று முறைப்பாட்டையும் வேலைக்கு நடுவில்தானே செய்தேன்? போனில் ரீலோட் காசு இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன், அதுவும் பொய். வெள்ளிக்கிழமை நாலரை மணி இரண்டு முறை வந்து போனது. பிள்ளை அந்த நேரம் என் மடியில் படுத்துப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வட்டம் சுற்றுகிறதா என்று நான் போனை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் தங்கச்சியின் குரல் செய்தி ஒன்று, எப்போதோ அனுப்பியது, E வழியாக மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

"அக்கா, பாப்பா போட்டோ ஒன்னாவது அனுப்புங்களேன். மொகம் மறந்துரும் போல இருக்கு."

யார் முகம் யாருக்கு மறந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. "இது யாரு?" என்று பிள்ளை கேட்டது. அம்மா என்றேன். பிள்ளை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தது, நான் ஏதோ விளையாட்டுக் காட்டுவது போல. என் தங்கச்சி அங்கே யாரோ வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே அவளுடைய பிள்ளையைத் திருடிக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிஷமே மூன்றை அழுத்தினேன். நாதஸ்வரமும் கிட்டாரும் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

புதன்கிழமை வேன் வந்தது. மொனராகலைக்குப் போன அதே ஆள்தான். எங்கள் லயத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதானா அக்கா?" என்றார். இதுதான் என்றேன். டவரில் ஏறி ஏதோ பெட்டியை மாற்றினார். நான் ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. E போய் 4G வந்தது. லயத்தில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். விடாமல் நின்று சாதித்துவிட்டேனாம்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குப் பிள்ளைக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, வாசற்படியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். முதல் மணியிலேயே தங்கச்சி வந்துவிட்டாள். படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவள் மெலிந்திருந்தாள். கன்னத்தில் புதிதாக ஒரு கறுப்புப் படர்ந்திருந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகூடத் தெரிந்தது.

"பாப்பா! என் செல்லம்! யாருன்னு பாரு!"

பிள்ளை பார்த்தது. பிறகு இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து, "வணக்கம்" என்றது. பிள்ளைக் காம்பராவைப் பார்வையிட அதிகாரிகள் வந்தால் அப்படிச் சொல்லவேண்டும் என்று நான்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி சிரித்தாள். "பெரிய மனுசியாயிட்டா அக்கா" என்றாள். என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய் என்று கேட்டாள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னது. பிறகு அதற்கு அலுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, சேலையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, பிஸ்கட்."

தங்கச்சியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. படம்தான் நின்றுவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, சிக்னல் வெட்டுது போல" என்றாள். "ஒங்க மொகம் ஒன்னும் தெரிய மாட்டேங்குது. அடுத்த வெள்ளிக்கெழம எடுக்கிறேன்."

"ஆமாடி. இங்க மழ. அதான்" என்றேன்.

எங்கள் இரண்டு பேர் முகத்திலும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.