கதவோரத் தகடு

நொரீன் பாஸ்கோ மனிதர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன் வண்டியின் பிறந்த மாதத்தைப் பார்த்துவிடுவாள். ஆஸ்திரேலியாவின் மில்டுரா ஊரில் ஹென்ஷா மோட்டார்ஸுக்குப் பழைய வண்டியைக் கொடுக்க வருகிற எல்லோருக்கும் இது தெரியும். கையை நீட்டிக்கொண்டு நிற்பவரைத் தாண்டிப் போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறப்பாள். கதவோரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். வண்டி ஆலையில் எந்த மாதம், எந்த வருடம் செய்யப்பட்டது என்பது அதில் பொறித்திருக்கும். அதைப் படித்த பிறகுதான், "சொல்லுங்க, வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்பாள்.

இருபத்து மூன்று வருடமாகப் பழைய வண்டிகளுக்கு விலை போடுகிறாள். ஆனால் சொந்தமாக ஒரு புது வண்டிகூட வாங்கியதில்லை. கடை வாசலைத் தாண்டும்போதே புது வண்டியின் மதிப்பில் எட்டாயிரம் டாலரைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவளுக்கு ஆசை எங்கிருந்து வரும்?

டிசம்பர் தகடு என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. டிசம்பரில் செய்த வண்டியை அடுத்த வருட மாடல் என்று சொல்லி ஜூன் வரைக்கும் விற்பார்கள். கம்பெனியே அப்படித்தான் பெயர் வைக்கிறது, அதனால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் மூன்று வருடம் கழித்து அதே வண்டி திரும்பி வரும்போது மாடல் பெயரை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். தகடுதான் பேசும். ஒரு வருடம் கிழம் என்று சொல்லி விலையைக் குறைக்கிறவள் நொரீனேதான். போன மாதம்கூட ஒரு நர்ஸ் பெண்ணின் சின்ன வண்டியில் மூவாயிரத்து இருநூறைக் கழித்தாள். அந்தப் பெண் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கிளம்பினாள்.

அன்று ஜூன் முப்பது. வருடக் கணக்கு முடிகிற நாள். ஐந்து மணிக்குள் மாதத்தின் நாற்பதாவது வண்டி விற்றாக வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. விற்றால் மொத்தமாக ஒரு பெரிய போனஸ், ஒன்று குறைந்தாலும் சல்லிக்காசு கிடையாது. நான்கு மணிக்கு எண்ணிக்கை முப்பத்தொன்பதில் நின்றது. பின்பக்கத்தில் அடுத்த மாடல் வண்டிகள் உறையைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கிவிட்டன. முன்வரிசையில் ஏழு டிசம்பர் யூட் வண்டிகள், பின்னால் திறந்த தொட்டியோடு, யார் தலையிலாவது கட்டப்படுவதற்குக் காத்திருந்தன.

முதலாளி டேல் ஹென்ஷா காலையிலேயே சொல்லிவிட்டான். "போனஸ் வரலேன்னா ரெண்டு நாற்காலியைத் தூக்கணும். ஒண்ணு உங்களோடது, நொரீன். தப்பா எடுத்துக்காதீங்க, இப்பல்லாம் போனைத் தட்டினா அதுவே விலை சொல்லுது."

நாலரைக்கு மெர்வ் லுட்ஸ் வந்தார். திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற ஆள். முழங்கால் வரை செம்மண். கொட்டாவி விடுகிற மாதிரி சத்தம் போடும் ஒரு கிழட்டு யூட்டில் வந்து இறங்கினார். நொரீன் அதன் கதவைத் திறந்து தகட்டைப் பார்த்தாள், சுற்றி வந்தாள், ஏழாயிரம் என்று சொன்னாள்.

"பேரம் கிடையாதா?"

"இந்தத் துருவை வச்சுக்கிட்டு பேரமா? ஏழுன்னதே உங்க முகத்துக்காக."

மெர்வ் சிரித்துவிட்டார். டேல் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "உங்க வேலை முடிஞ்சது. புது வண்டியைப் பத்தி மூச்சு விடக்கூடாது. புரியுதா?"

அவளுக்கு நன்றாகப் புரிந்தது. ஐம்பத்தொன்பது வயதில் இன்னொருவன் இவளை வேலைக்கு வைத்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டு வாடகை மட்டும் வாரம் தவறாமல் வரும். வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றும் புதிதில்லை, இருபத்து மூன்று வருடமாகச் செய்கிற வேலைதான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

டேல் முன்வரிசை யூட் ஒன்றை மேசைக்குப் பக்கத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தித் தேனொழுகப் பேசினான். "இந்த வருஷ மாடல், சார். அறுபத்திரண்டாயிரம். கடைசி நாள்ங்கறதால இந்த விலை." காகிதம் வந்தது, பேனா வந்தது. சுவர்க் கடிகாரம் நான்கு நாற்பத்தெட்டைக் காட்டியது. மெர்வ் பேனாவைத் திறந்தவர், கையெழுத்துப் போடாமல் திரும்பினார்.

"ஏம்மா, விலை போடறவங்க நீங்கதானே? மூணு வருஷம் கழிச்சு இதைக் கொண்டாந்தா என்ன கொடுப்பீங்க?"

டேல் நொரீனையே முறைத்தான். ஒரு எண்ணைச் சொன்னால் போதும், ஆள் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் விலை என்று கேட்டவரிடம் அவள் இதுவரை தப்பு விலை சொன்னதில்லை. சும்மா இருப்பது வேறு, பொய் விலை சொல்வது வேறு என்றுதான் இத்தனை வருடமும் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

வாசலில் நின்ற புது யூட்டின் கதவைத் திறந்தாள். தகட்டின் மேல் விரலை வைத்தாள். "போன வருஷம் டிசம்பர். இதுக்காகவே நாலாயிரம் கழிப்பேன்."

"நொரீன்!" என்றான் டேல்.

மெர்வ் அசையவில்லை. "தெரியும். உள்ள வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். நீங்க சொல்றீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன்." பேனாவை மேசையில் வைத்தார். "போன மாசம் டெகன்னு ஒரு நர்ஸ் பொண்ணு வந்தாளே, அவ என் மக. மூணு வருஷம் முந்தி ஜனவரியில அந்த வண்டியை இங்கதான் புதுசா வாங்கினா. நானும் கூட வந்தேன். நீங்க இதே இடத்துல, இதே மாதிரி கையைத் துடைச்சுக்கிட்டு நின்னீங்க. அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

நொரீன் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். அவமானம் காது வரை சூடாக ஏறியது. விற்கும்போது பேசாமல் நின்றவளும் அவள்தான், திரும்பி வந்தபோது பணத்தைக் கழித்தவளும் அவள்தான்.

மெர்வ் டேல் பக்கம் திரும்பினார். "ஐம்பத்தெட்டாயிரம். இஷ்டம்னா சொல்லுங்க, இல்லேன்னா நான் கிளம்பறேன்."

டேல் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்துக்கு ஆறு நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு பழைய எண்ணை அடித்து எழுதினான். மெர்வ் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது நொரீனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நாற்பது. மேசையிலிருந்த மணியை டேல் ஓங்கி அடித்தான். பீர் டப்பாக்கள் வெளியே வந்தன. அவன் முகம் கொஞ்ச நேரத்தில் பூசணிப்பூவாக மலர்ந்துவிட்டது.

"நொரீன், நீங்க நடிகையாப் போயிருக்கணும்! உண்மையைச் சொல்ற மாதிரி சொல்லி ஆளை அப்படியே மடக்கிட்டீங்களே! நாலாயிரம் போனா மயிராச்சு. இனிமே இதையே எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்!"

கண்ணாடியில் விலை எழுதுகிற தடித்த வெள்ளைப் பேனா மேசையில் கிடந்தது. நொரீன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மீதி ஆறு யூட்டுகளில் முதலாவதின் முன்கண்ணாடியில், விலைக்குக் கீழே, அதே அளவு பெரிதாக எழுதினாள்: டிசம்பரில் செய்தது. பிறகு இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி.

டேல் பீரோடு ஓடிவந்தான். "என்ன பண்றீங்க? பைத்தியமா?"

"எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னீங்களே. ஒவ்வொருத்தரா நிக்க வச்சுச் சொல்ல எனக்கு எங்க நேரம்?"

நான்காவது வண்டிக்குப் போனாள். எழுதுவதற்கு முன், பழக்கம் போகாமல், கதவைத் திறந்து தகட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.