பெயர் எழுதாத பொன்வண்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆதிநாதனை ஊரே ‘வண்டு நயினார்’ என்றுதான் கூப்பிடும். சமணர்களை நயினார் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். வண்டு அவரே தேடிக்கொண்டது. குடி, சீட்டு, கட்சி எதுவும் கிடையாது. பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சோறு தொடமாட்டார். ஆனால் செத்த வண்டு கண்ணில் பட்டால் சைக்கிளை நிறுத்திவிடுவார். ஏதோ ஒரு கிறுக்கு இல்லாத மனுஷன் உண்டா, சொல்லுங்கள்.

இந்தக் கிறுக்கு வீணாய்ப்போன நகல்களால் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு மாணவி வண்டுகளைப் பற்றிய கட்டுரையை நகலெடுக்க வந்தாள். மை மங்கி வீணான பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தார் ஆதிநாதன். வண்டுகள் எல்லாம் ஒரே வரிசை. அதில் நாலு கிளை. பெரிய கிளைக்குப் பலதின்னி என்று பொருள்படும் பெயர். பொன்வண்டுக் குடும்பம் அந்தக் கிளையில்தான் இருக்கிறது. குடும்பத்துக்குள் பேரினம், அதற்குள் இனம். தாலுகா, ஊர், தெரு, கதவு எண் மாதிரி பூச்சிக்கும் விலாசம் இருப்பது அவருக்குப் பிடித்துப்போனது.

உயிரோடு ஒன்றையும் பிடிக்கமாட்டார். மரத்தடியில் தானாகச் செத்துக் கிடப்பவைதான் அவருடைய பெட்டிக்கு வரும். பெட்டியில் நாப்தலின் உருண்டை போடச் சொல்லியிருந்தது கட்டுரை. வருகிற பூச்சியைக் கொல்லும் சரக்கு என்று அதையும் விட்டுவிட்டுக் காய்ந்த நொச்சி இலையைப் பரப்பினார். வராமல் போகட்டும், வந்தது சாக வேண்டாம் என்பது அவர் கணக்கு.

சிங்கவரம் போகிற வழியில் பத்துப் பதினைந்து வெள்வேல மரங்கள் நின்றன. அங்கே ஒரு நாள் விரல் நகமளவு ஒரு பொன்வண்டு கிடைத்தது. நீலமும் செம்பும் கலந்த நிறம். விலாசச் சீட்டில் வரிசையும் குடும்பமும் பேரினமும் எழுதினார். இனத்தின் பெயர் எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை. அந்த வரியை வெறுமனே விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் வண்டு ஆராய்ச்சி செய்யும் கவிதாவுக்கு அது கிடைத்த அன்றே எடுத்த படத்தை அனுப்பினார். மறுநாளே போன் வந்தது.

“சார், இது புது இனமா இருக்கும்போல. படம் பத்தாது. வயித்துக்குள்ள இருக்கிற உறுப்பைப் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும். பூச்சியை அனுப்புங்க.”

“அந்த மரங்களை ரோடு அகலம் பண்ண வெட்டப்போறாங்களாம் மேடம். குறி போட்டுட்டு போயிட்டாங்க.”

“அப்ப சீக்கிரம் அனுப்புங்க. பேர் இருந்தா மனு எழுதலாம். பேரில்லாத பூச்சிக்காக எவன் சார் நிறுத்துவான்?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பெட்டியைத் திறந்தால் பழுப்புத் தூள். பொன்வண்டின் இறக்கை மூடிகள் இரண்டு மட்டும் மின்னிக்கொண்டு கிடந்தன. வயிறு, கால், கொம்பு எதுவும் இல்லை. தூளுக்குள் மயிர் முளைத்த சின்னப் புழுக்கள் நெளிந்தன. அவை யாரென்று அவருக்குத் தெரியும். காய்ந்த உடலைத் தின்னும் வண்டின் குஞ்சுகள். அதே வரிசை, அதே பலதின்னிக் கிளை. பங்காளி வீட்டையே தின்றுவிட்டிருந்தன.

“வெயில்ல கொட்டுங்க, சாவட்டும்,” என்றாள் மனைவி விஜயா.

அவர் அவற்றையும் நிழலில்தான் கொட்டினார். எனக்கே கோபம் வருகிறது. ஆனால் மனுஷன் அன்று சாப்பிடவில்லை.

ஆவணியில் மழை பெய்த நாலாம் நாள் அந்த வெள்வேல மரம் ஒன்றில் அதே மாதிரிப் பொன்வண்டு உயிரோடு உட்கார்ந்திருந்தது. பிடித்தார். கொல்வதற்கில்லை, தானாகச் சாகும்வரை வைத்திருக்கலாம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, கவிதாவிடமும் சொல்லிவைத்தார். பாட்டிலில் ஓட்டை போட்டு, தினமும் புது வெள்வேல இலை வைத்தார். விடிந்ததும் பாட்டிலைத்தான் முதலில் பார்ப்பார். அது இலையைக் கடித்துக்கொண்டிருக்கும். அவர் முகம் தொங்கிவிடும்.

பன்னிரண்டாம் நாள் விஜயா அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, அது இன்னும் சாவலியேன்னா இப்டி மூஞ்சிய வெச்சினு இருக்கீங்க?”

கையால் செய்யாததை மனசால் தினமும் செய்துகொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதே மரத்தில் விட்டுவிட்டு வந்தார்.

சாயந்திரம் கவிதா போன் செய்தாள். “செத்துடுச்சா சார்?”

“விட்டுட்டேன் மேடம்.”

“சரி சார்,” என்று போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும்.

மாசியில் மரங்களை வெட்டினார்கள். ஆதிநாதன் கடையைச் சாத்திவிட்டுப் போனார். துண்டு போட்ட கட்டைகளைச் செங்கல் சூளைக்குப் போகும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார் டிரைவர் தங்கராசு. பிளந்த ஒரு கட்டையில் நீள நீளமான தடங்கள், அவற்றுக்குள் வெள்ளைப் புழுக்கள். தலைப்பக்கம் தட்டையாக, அகலமாக இருந்தன. பொன்வண்டுக் குடும்பத்தின் குஞ்சுகள் மரத்துக்குள் அப்படித்தான் இருக்கும் என்று ஆதிநாதன் எத்தனையோ தடவை படித்திருக்கிறார்.

“இதெல்லாம் சூளைக்கா?”

“ஆமா நயினாரே. நல்லா எரியும்.”

டிராக்டர் கிளம்பியது. அது திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து, இரண்டு இறக்கை மூடிகளையும் வெற்று வரியோடு இருந்த சீட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஜயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க இன்னா பண்ணீங்க? உங்க கையால ஒன்னகூட கொல்லலியே.”

“ஆமா,” என்றார். “பாட்டில்ல இருந்த அந்த ஒன்னத்தான் கொல்லல.”

விஜயா சாப்பிடக் கூப்பிட்டாள். வெளியே இன்னும் பொழுது சாயவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.