குப்பை தேறியது, கீரை தேறவில்லை

மாசி மாதம் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை கடலூருக்குக் கிளம்பினேன். பிச்சாவரம் படகு, சிதம்பரம் கோபுரம் என்று தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும். இரண்டும் இதில் இல்லை. என் மனைவியின் தம்பி செல்வம் கீரப்பாளையத்தில் கீரை போடுகிறான். மட்கிய குப்பையில் வளர்த்த கீரை சாப்பிடத் தகுந்ததா என்று பார்க்க, கடலூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எருவிலும் கீரையிலும் மாதிரி கொடுத்திருந்தான். அந்த ரிப்போர்ட்டை வாங்கி அவன் கையில் சேர்ப்பதுதான் என் வேலை.

ஏன் நான்? அவன் இதில் இறங்கியதே இந்த வலைப்பூவைப் படித்துத்தான். சமையலறைக் கழிவை மட்க வைத்து மொட்டைமாடியில் கீரை வளர்ப்பதைப் பற்றி நான் அளந்து தள்ளியிருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். செல்வம் அப்போது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. ஷிப்ட் வேலையும் தூசியும் அதை அதிகமாக்கின. வேலையை விட்டுவிட்டு அரைக்காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். இரண்டு வருடமாக மருந்து பாதியாகக் குறைந்திருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதியின் கேன்டீன், ரிப்போர்ட் நன்றாக வந்தால் கீரை, மல்லி, புதினா எல்லாவற்றையும் தினமும் அவனிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அது கிடைத்தால் குத்தகை தொடரும். கிடைக்காவிட்டால் மறுபடி சிப்காட்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 6.15க்குப் பஸ் ஏறினேன். கடலூரில் இறங்கும்போது 10.50. டிக்கெட் 190 ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தும் பயனில்லை, கண்ணாடி திறக்கவில்லை. மஞ்சக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். பரிசோதனைக்கூடத்தில் அரை மணி நேரம் உட்கார வைத்து ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார்கள்.

கவரைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் 12.10 சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். 45 கிலோமீட்டர், 40 ரூபாய். சிப்காட் நிறுத்தம் தாண்டுவதற்குள் பிரித்துவிட்டேன். முதல் தாள் எருவுக்கு. நோய்க்கிருமி எதுவும் இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் காட்டியிருப்பேன். இரண்டாவது தாள் முளைக்கீரைக்கு. மலத்திலிருந்து வரும் கிருமி அளவுக்கு மீறி இருக்கிறது, பச்சையாக உண்ணத் தகாது. திருப்பித் திருப்பிப் படித்தேன். பரங்கிப்பேட்டை முட்லூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், என்னைப் போன்றவர்களுக்குப் பத்து ரூபாய். செல்வம் நிறுத்தத்திலேயே வண்டியோடு நின்றிருந்தான்.

"என்னா மாமா, மூஞ்சி சரியில்ல?"

கவரை நீட்டினேன். வண்டியில் உட்கார்ந்தபடியே படித்தான். "லேபுல மாத்திப் போட்டுட்டாங்க மாமா. எருவுல இல்லாத பூச்சி கீரைக்கு எங்கேந்து வரும்?" என்றான்.

அவனோடு நிலத்துக்குப் போய் எருக்குவியல்களைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்க்கெட்டில் வீணாகும் காய்கறி, வைக்கோல், சாணம் எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டிருந்தான். நடுவில் ஒரு இரும்புக் கம்பி செருகியிருந்தது. புதுக்குவியலில் அதை உருவிப் பிடித்தால் கை சுட்டது, விட்டுவிட்டேன். அந்தச் சூட்டில்தான் கிருமி சாகும். ஓரத்தில் இருப்பதும் நடுவுக்குப் போய்ச் சூடாக வேண்டும் என்று அவன் புரட்டிப் போட்ட நாளெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தான். சூடு அடங்கிய பழைய குவியலை இன்னும் இரண்டு மாதம் ஆற விட்டு, சலித்து, விதைப்பதற்கு முன்பே மண்ணில் கலந்துவிடுகிறான். பச்சைச் சாணத்தைப் பாத்தியில் ஊற்றுவதே கிடையாது. நான்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அறுவடைக்கு என்னையும் கூட்டிப்போனான். அவன் மனைவி ராணி முளைக்கீரையை வேரோடு பிடுங்கி, வாழைநாரில் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது கட்டு சேர்ந்ததும் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு நேராக வாய்க்காலுக்குப் போனாள். வேரில் இருக்கும் சேறு போக நாலு அலசு. பிறகு எல்லாக் கட்டையும் தண்ணீரில் நன்றாக அமிழ்த்தி எடுத்துச் சாக்கில் அடுக்கினாள்.

பாசனத்துக்கு விடும் தண்ணீர் நின்று வாரக்கணக்கு ஆகிறது. வாய்க்காலில் கிடந்தது ஊருக்குள்ளிருந்து வரும் சாக்கடை. நூறு அடி தள்ளி இரண்டு வீட்டுக் கக்கூஸ் குழாய் அதில் நீட்டிக்கொண்டிருந்தது.

"லேபுக்குக் கொடுத்த கட்டும் இதுலதான் அலசுனதா?"

"ஆமாண்ணே. சேத்தோட குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் ராணி. "எல்லாரும் இதுலதான் அலசுறாங்க. ஈரம் இல்லன்னா வியாபாரி தொடவே மாட்டாரு."

"போர் தண்ணி இருக்கே?"

"கரண்டு ஒம்போது மணிக்குத்தாண்ணே வரும். கீரை ஆறரைக்கு மார்க்கெட்டுல இருக்கணும்."

முதல் நாளே இரண்டு ட்ரம்மில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அவ்வளவுதான் விஷயம். இரண்டு ட்ரம்.

செல்வம் என் பக்கம் திரும்பினான். "நீங்க எழுதுனது எல்லாத்தையும் படிச்சேன் மாமா. இத எங்கியும் சொல்லலியே?"

சொல்லவில்லை. எருவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நான், பறித்த பிறகு எந்தத் தண்ணீரில் அலசுவது என்று ஒரு வரி எழுதவில்லை. என் மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதைத் தாண்டி எனக்கு யோசனை போகவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் அவகாசம் கேட்டு மறுபடி சோதித்துக் கொடுக்கலாம் என்று எட்டு மணிக்கே கேன்டீனுக்குப் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "வேற ஆளு பாத்தாச்சுங்க. போன திங்கக்கெழமைலேந்து அவுங்கதான் போடுறாங்க."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்பக்கம் ஒரு மொபெட் வந்து நின்றது. இரண்டு சாக்குக் கீரை, மேலே மல்லிக்கட்டு, எல்லாம் சொட்டச் சொட்ட. ஓட்டி வந்தவர் செல்வத்தின் பக்கத்து நிலத்துக்காரர் ஏழுமலை. காலையில் ராணிக்குப் பத்தடி தள்ளி, அதே வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தவர்.

"இவருகிட்ட ரிப்போர்ட் வாங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"அவரு கடை உரம் போட்டு வளக்கிறாரு சார். அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு? நீங்க குப்பையில வளத்ததுன்னு சொன்னதாலதான் கேட்டோம்."

நான் வாயைத் திறந்தேன். செல்வம் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான்.

"வுடுங்க மாமா. அவருக்கு ரெண்டு பொண்ணு காலேஜ் படிக்குது. நமக்கு இல்லன்னு ஆனப்புறம் அவரு பொழப்பையும் ஏன் கெடுக்கணும்?"

கீரையாவது வெந்துவிடும். மல்லிச் சட்னி வேகாது. அத்தனை பிள்ளைகள் அதைச் சாப்பிடும். தெரிந்தும் நான் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை. அன்று மதியம் ஹோட்டலில் இலையில் விழுந்த பச்சைச் சட்னியை மட்டும் ஒதுக்கி வைத்தேன். பெரிய வீரம்தான்.

மூன்று மணி கடலூர் பஸ்ஸில் செல்வமும் ஏறினான். பழைய சூப்பர்வைசரைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். சட்டைப்பையில் இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து துருத்திக்கொண்டிருந்தது. போன முறை பார்த்தபோது அது இல்லை. சிப்காட் நிறுத்தம் வந்ததும் எழுந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கீரைக்கட்டை என் மடியில் வைத்தான்.

"அக்காகிட்ட குடுங்க மாமா. அலசல. மண்ணோட இருக்குது."

இப்படி நிலம் பார்க்கவோ, மட்கிய குப்பையில் கீரை போடவோ நினைப்பவர்களுக்கு: சிதம்பரம் வரை போவது சுலபம், கீரப்பாளையத்துக்குக் காலையிலேயே டவுன் பஸ் உண்டு. எரு கை தாங்காத அளவுக்குச் சூடேறி, புரட்டி, ஆறி, மண்வாடை வரும் வரை பொறுங்கள். முற்றாத எருவைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். சாணம் அள்ளிய கூடையில் கீரையை அள்ளாதீர்கள். இதெல்லாம் முன்பே எழுதியதுதான். முன்பு எழுதாதது ஒன்று: பறித்த கீரையைக் குடிக்கிற தண்ணீரில் மட்டும் அலசுங்கள். அந்தத் தண்ணீருக்கு வழி செய்த பிறகு விதையைத் தூவுங்கள். கடையில் கீரை வாங்கும்போது பளபளவென்று ஈரமாக இருப்பதைத் தேடாதீர்கள். நாம் தேடுவதால்தான் அவர்கள் முக்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபோது கீரை பாதி வாடியிருந்தது. குழாயடியில் நானே அலசினேன். மூன்று தண்ணீர் கறுப்பாக வந்தது, நல்ல மட்கிய மண். நாலாவது தெளிந்தது. மனைவி கடைந்து போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வம் போன் செய்து, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றான். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பேசியதைவிட அவன் மூச்சு வாங்கியதுதான் அதிகம் கேட்டது.